பதினொரு கணினிகளும் ஓர் இடிமழையும்

மகள் முதன்முதலில் 'லேன் பார்ட்டி' என்று சொன்னபோது எனக்குத் தோட்டத்து வரிசை வீடுகளைச் சொல்லும் லயன் என்றுதான் காதில் விழுந்தது.

"எந்த எஸ்டேட்டு லயத்துல?" என்று கேட்டேன்.

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "லயன் இல்லம்மா, லேன். எல்லாரும் அவங்கவங்க கம்ப்யூட்டரத் தூக்கிட்டு ஒரே எடத்துக்கு வருவாங்க. வயர் போட்டு ஒண்ணா சேத்து வெளையாடறது."

"அதுக்கு எதுக்கு பார்ட்டின்னு பேரு?"

"சாப்பாடு இருக்கும்லா."

தொண்ணூறுகளின் கடைசி அது. மலேசியாவில், மெர்லிமாவுக்குப் பக்கத்தில், தாமான் என்கிற ஒரு குடியிருப்பில் இருந்தோம். நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை, மாதத்துக்கு ஒருமுறை வருவார். மகளுக்குப் பதினாறு வயது, படிவம் நான்கு. வேறொரு சமயமாக இருந்தால் இந்தப் பேச்சைச் சிரித்துக்கொண்டே கேட்டிருப்பேன். ஆனால் அந்த மேசைக் கணினி மூன்று மாதங்களாக எங்கள் வீட்டில் போர்வை போர்த்திக் கிடந்தது. போர்த்தியவள் நான்.

மூன்று மாதங்களுக்கு முன்பு ஒரு சாயங்காலம். தூறல்கூட இல்லை, தூரத்தில் உறுமல் மட்டும். மகள் பள்ளிக்கூட ஃபோலியோக் கட்டுரைக்காக இன்டர்நெட்டில் ஏதோ தேடிக்கொண்டிருந்தாள். நான் சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஒரு சத்தம். இடிச்சத்தம் என்று சொல்ல முடியாது. வீட்டுக்குள்ளேயே யாரோ பலகையை இரண்டாக முறித்தது போல இருந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால் மகள் நாற்காலியோடு சுவரோரம் விழுந்து கிடக்கிறாள். தொலைபேசி வயர் சுவருக்குள் போகும் இடம் கருகியிருந்தது. அவள் கண் திறந்துதான் இருந்தது. "அம்மா, என் கை எங்க?" என்று கேட்டாள். வலது கை உடம்போடுதான் இருந்தது. அவளுக்குத்தான் அது தெரியவில்லை.

மறுநாள் காலைக்குள் கை சரியாகிவிட்டது. கிளினிக்கில் பார்த்து ஒன்றுமில்லை என்றார்கள். தொலைபேசிக் கம்பத்தில் விழுந்த மின்னல் வயர் வழியாக வந்து, மோடத்தைக் கரியாக்கி, அவளைத் தூக்கி எறிந்திருக்கிறது. மோடம் போனதோடு விட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு விடவில்லை. அதற்குப் பிறகு வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது வானம் கறுத்தால் எனக்குச் சாக்பீஸ் பிடிக்க முடியாது. பிள்ளைகளை எழுத்துப் பயிற்சி செய்யச் சொல்லிவிட்டு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வேன்.

நான் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவள். இடி இடித்தால் என்ன செய்யவேண்டும் என்று எங்களுக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தந்ததில்லை, எல்லோரும் செய்வதைப் பார்த்துச் செய்வோம். முகம் பார்க்கும் கண்ணாடியைத் துணி போட்டு மூடவேண்டும். ரப்பர் பால் வெட்டும் கத்தியை வெளியே வைக்கக்கூடாது. சுவரில் சாயக்கூடாது. ரேடியோவையும் டிவியையும் அணைத்தால் போதாது, எது எதில் வயர் இருக்கிறதோ அதையெல்லாம் பிடுங்கிப் போடவேண்டும். எங்கள் லயத்தில் முதல் உறுமலுக்கு இருபது வீட்டிலும் ஒரே நேரத்தில் பாட்டு நின்றுபோகும். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் போய் அறிவியல் படித்த பிறகும் என் கை அந்தப் பழக்கத்தை விடவில்லை.

ஆகவே கணினியை ஜாசினில் இருக்கும் என் தம்பிக்குக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். அவன் பிள்ளைகள் சின்னவர்கள். அவன் வீட்டில் தொலைபேசி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வேன் கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தான். மகள் அழவில்லை, கத்தவில்லை. அதற்கு முந்தைய நாள், சனிக்கிழமை, இந்த லேன் பார்ட்டி இருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

"ஒரு தடவ வந்து பாருங்க. பாத்துட்டு அப்புறம் மாமாவுக்குக் குடுங்க, குடுக்காம இருங்க, ஒங்க இஷ்டம். பாக்காமலே முடிவு பண்ணாதீங்க. கிளாஸ்ல நீங்கதான் அப்படிச் சொல்லுவீங்க."

என் வாயாலேயே என்னை மடக்கிவிட்டாள். சரி என்றேன். அங்கே வந்து வாயைத் திறக்கக்கூடாது என்று அவள் நிபந்தனை போட்டாள். ஒரே ஒரு தொலைபேசி வயரைக் கண்டாலும் அந்த நிமிடமே கிளம்பிவிடுவோம் என்று நான் நிபந்தனை போட்டேன்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வாசலில் லாரி வந்து நின்றது. வாரம் முழுக்கச் செம்பனைக் குலை ஏற்றுகிற லாரி. கழுவித் துடைத்திருந்தும் பழத்தின் எண்ணெய் வாடை போகவில்லை. பின்னால் இரண்டு பழைய மெத்தை விரித்து, அதன் மேல் நான்கைந்து கணினித் திரைகளைப் படுக்கை விரிப்பில் சுற்றி, குளிருக்குப் போர்த்திய குழந்தைகள் போல வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். லாரியை ஓட்டி வந்தவர் பக்கத்து ஊரான சுங்கை ரம்பாய்க்காரர், ஐம்பது வயதிருக்கும். அவர் மகனும் விளையாட வருகிறானாம்.

"பசியாறிட்டீங்களா டீச்சர்?" என்றார். பிறகு மகளைப் பார்த்து, "ஏறும்மா. ஒன் பொட்டிய நடுவுல வெச்சிருக்கேன். நடுவுல ஆட்டம் கம்மி" என்றார்.

நான் முன்னால் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச தூரம் போனதும், "நீங்க கூட வர்றது நல்லதுதான் டீச்சர். அத்தன ஆம்பளப் பசங்க நடுவுல ஒரே பொம்பளப் புள்ள. காலம் கெட்டுக் கெடக்கு" என்றார்.

எனக்கு அந்தப் பையன்கள் மேல் ஒரு பயமும் இல்லை. அவர்களில் மூன்று பேருக்கு நானே அ, ஆ சொல்லிக்கொடுத்திருக்கிறேன். எனக்கு வானத்தின் மேல்தான் பயம். அதைச் சொல்ல வெட்கமாக இருந்ததால், "ஆமாங்க அண்ணே" என்று சொல்லிவிட்டு, கண்ணாடி வழியாக மேகம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு போனேன்.

கூட்டம் நடந்தது ஒரு மலாய்க் கம்போங் ஓரமாக இருந்த பாலாய் ராயாவில், அதாவது ஊர்ப் பொது மண்டபத்தில். மேலே தகரக் கூரை. உள்ளே ஒரு பிங்பாங் மேசை, பூட்டிய கோப்பை அலமாரி, கல்யாணத்துக்குப் போடும் மடக்கு மேசைகள். சாவி கொடுத்த மலாய்க்காரப் பெரியவர் பிள்ளைகள் பெட்டிகளை இறக்குவதைப் பார்த்து, டிவி பழுது பார்க்கும் வகுப்பா என்று கேட்டுவிட்டுப் போனார். நான் உள்ளே நுழைந்ததும் செய்த முதல் வேலை நான்கு சுவரையும் சுற்றிப் பார்த்தது. தொலைபேசி இல்லை.

ஏற்பாடு செய்திருந்தவன் மலாக்கா டவுனில் ஒரு கடையில் கணினி பழுது பார்க்கும் இளைஞன். இருபத்தைந்து வயது, ஒல்லி. கழுத்தில் மாலை மாதிரி கறுப்பு வயர்ச் சுருளை மாட்டிக்கொண்டு திரிந்தான். எங்கள் கணினியிலிருந்து கருகிய மோடத்தைக் கழற்றி எடுத்து, மீதியெல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொன்னவனும் அவன்தான். மகள் அவனை அண்ணன் என்பாள், நான் தம்பி என்பேன்.

அன்று பேசக்கூடாது என்பதுதான் ஒப்பந்தம், கேள்வி கேட்கக்கூடாது என்பது அதில் இல்லை. நான் அவன் பின்னாலேயே போனேன்.

"தம்பி, இந்த வயர் எங்கேருந்து வருது?"

"எங்கேருந்தும் வர்ல டீச்சர். இந்த மொத பொட்டிலேருந்து அடுத்தது, அதுலேருந்து அடுத்தது, அப்படியே பதினொண்ணு வரைக்கும். பத்துல வெளையாடுவாங்க. ஒண்ணு எல்லாத்துக்கும் கணக்கு வெச்சிக்கும்."

"கடைசியில?"

அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன உலோக மூடியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். "இத மாட்டணும். ரெண்டு முனைக்கும் ஒண்ணு ஒண்ணு. இது இல்லாட்டி எதுவும் ஓடாது. புடிச்சிக்குங்க டீச்சர், தொலைச்சிறாதீங்க, வேற இல்ல."

பார்ப்பதற்குத் தோட்டின் பின்னால் போடுகிற திருகாணி போலவே இருந்தது, அளவுதான் பெரிசு. ஒரு வயர் திறந்தபடி முடியக்கூடாது, அதை அடைக்கவேண்டும் என்பது எனக்குப் புதிதாக இருந்தது. ஏன் என்று கேட்டேன். அடைக்காவிட்டால், போன செய்தி முனையில் மோதித் திரும்பி வந்து எதிரே வருகிற செய்தியோடு முட்டிக்கொள்ளுமாம். எங்கள் பள்ளியின் நீளமான நடைக்கூடத்தில் நான் கூப்பிட்டால் என் குரலே எனக்குத் திரும்பக் கேட்கும். அது நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு கணினிக்கும் பின்னால் இரண்டு பக்கமும் வயர் சேரும் சின்னக் கவடு இருந்தது. அதில் வயரை அழுத்தித் திருகினால் மாட்டிக்கொள்ளும், மறுபடி அழுத்தி எதிர்ப்பக்கம் திருகினால் கழன்றுவிடும். செய்து காட்டினான். நானும் செய்து பார்த்தேன், ஒருமுறை, இரண்டுமுறை, மூன்றாவது முறையும்.

"போதும் டீச்சர், தேஞ்சிரும்" என்றான்.

எல்லாம் சேர்வதற்கு மதியம் ஆகிவிட்டது. அந்த நேரம் எனக்கு அலுக்கவே இல்லை. ஆளுக்கொரு திரைக்கு முன்னால் உட்கார்ந்து பிள்ளைகள் மாறி மாறிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"என்னத் தெரியுதா?"

"தெரியல."

"இப்ப?"

"தெரியலடா. நீ இருக்கியா இல்லியா?"

"அலாமாக், இங்கதான்டா இருக்கேன், ஒன் பக்கத்துலயே."

தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரையொருவர் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டார்கள். பிறகு எங்கோ ஒரு திருகு சரியாக விழுந்தது. "எல்லாரும் வந்துட்டாங்க!" என்று ஒருவன் சொன்னான். என் மகள் நாற்காலியிலேயே எம்பினாள். அவள் வலது கை ஒரு கணினி மேசை மேல் இருந்ததை மூன்று மாதத்துக்குப் பிறகு அன்றுதான் பார்த்தேன். பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன்.

விளையாட்டு சுடுகிற விளையாட்டு. மரப்பெட்டிகளும் சந்துகளும் நிறைந்த ஏதோ ஒரு கிடங்குக்குள் துப்பாக்கி பிடித்த ஆட்கள் ஓடுகிறார்கள். ஐந்து பேர் மெர்லிமாவ் கட்சி, ஐந்து பேர் சுங்கை ரம்பாய் கட்சி. செத்தவன் அந்தச் சுற்று முடியும்வரை சும்மா உட்கார்ந்து பார்க்கவேண்டும். பரீட்சை மேற்பார்வைக்குப் போவது போல நான் நாற்காலிகளுக்குப் பின்னால் நடந்தேன். என்னைக் கண்டதும் பழைய மாணவர்கள் முதுகு நிமிர்ந்தார்கள்.

"ஏய், எவன்டா பின்னாலேருந்து சுட்டது, ஒன்..." என்று ஒருவன் ஆரம்பித்தான்.

"டேய், டீச்சர் இருக்காங்கடா."

"...ஒன்ன அப்புறம் பாத்துக்கிறேன்" என்று முடித்தான்.

சாகிறவர்களெல்லாம் அவ்வளவு மரியாதையாகச் செத்தது அன்றைக்கு மட்டும்தான் என்று பிற்பாடு மகள் சொன்னாள். எட்டாம் வாய்பாடு ஏறாமல் என்னிடம் இரண்டு வருடம் சிரமப்பட்ட ஒரு பையன், முப்பது குண்டில் பதினேழு போய்விட்டது, பதின்மூன்று மிச்சம் என்று யோசிக்காமலே சொல்லிக்கொண்டு சுட்டான். நான் அவன் பின்னால் ரொம்ப நேரம் நின்றேன். அவனை நான் எதை வைத்து எண்ணச் சொல்லியிருக்கவேண்டும் என்று தோன்றியது.

யாராவது சுட்டால் திரையின் மூலையில் ஒரு வரி வரும், யாரை யார் கொன்றார் என்று. எல்லோரும் தங்களுக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அதில் ஒரு பெயர் அடிக்கடி வந்தது. 'பெத்திர்'. மலாயில் மின்னல் இடிக்குச் சொல்கிற சொல். பெத்திர் இவனைக் கொன்றது. பெத்திர் அவனைக் கொன்றது. அந்தச் சொல்லைப் பார்த்ததுமே என் கண் தானாக ஜன்னலுக்குப் போயிற்று.

லாரிக்கார அண்ணன் வாசல் பக்கம் நாற்காலி போட்டு நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார். அவரிடம் போய், "அந்த பெத்திர்ங்கிறது யாருங்க அண்ணே, ஒங்க மகனா?" என்று கேட்டேன்.

அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "நல்லா கேட்டீங்க போங்க. என் மகன் சாகிறதுக்குன்னே பொறந்தவன். பெத்திர் ஒங்க மகதான் டீச்சர்."

நான் திரும்பி வந்து மகளின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் திரும்பவில்லை. என்னை மூன்று மாதம் தூங்கவிடாத ஒன்றை அவள் தன் தலைக்கு மேல் பெயராக எழுதி வைத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருக்கிறாள். கோபமா, பயமா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கேட்கவேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

சாப்பாட்டுக்கு லாரிக்கார அண்ணன் மனைவி கொடுத்தனுப்பிய மீஹூன் என்கிற அரிசிச் சேமியாப் பொட்டலங்கள் வந்தன. அதைப் பிரிக்கக்கூட யாருக்கும் நேரமில்லை. இரண்டு கட்சியும் சமமாக நின்றன, கடைசிச் சுற்று. மூன்று மணி இருக்கும். நான் வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். மூவார் பக்கம் வானம் ஈயப் பாத்திரம் போல இருந்தது. காற்று நின்றுவிட்டது. செம்பனை ஓலை ஒன்றுகூட அசையவில்லை.

"மழ வரும்போல" என்றேன்.

"வரட்டும் டீச்சர். சூடு தணியும்" என்றார் அண்ணன்.

முதல் உறுமல் வந்தபோது நான் சுவரை விட்டுத் தள்ளி நின்றேன். இரண்டாவதற்குத் தகரக் கூரை அதிர்ந்தது. உள்ளே யாரும் தலை தூக்கவில்லை. மெர்லிமாவ் கட்சியில் நான்கு பேர் செத்துவிட்டார்கள். மிச்சம் என் மகள் மட்டும். எதிர்ப்பக்கம் இரண்டு பேர். செத்தவர்கள் எல்லோரும் எழுந்து வந்து அவள் நாற்காலியைச் சூழ்ந்து நின்றார்கள்.

"மெதுவா, மெதுவா. பொட்டிக்குப் பின்னால இருக்கான்."

"பேசாதடா, அவ காதுல காலடி கேக்கணும்."

நான் வாயைத் திறக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. ஜன்னலில் வெள்ளையாக ஒரு வெளிச்சம் அடித்தது. ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் எண்ணினேன். மூன்று வருவதற்குள் இடி விழுந்துவிட்டது. அந்த நாற்காலியில் அவளைப் பார்க்கவில்லை, மூன்று மாதத்துக்கு முந்தைய அந்தச் சாயங்காலம் போலச் சுவரோரம் நாற்காலியோடு விழுந்து கிடப்பதைத்தான் பார்த்தேன். நான் எப்படி மேசைக்குப் பின்னால் போனேன் என்று எனக்கு நினைவில்லை. குனிந்தது நினைவிருக்கிறது. கை தானாகவே அவள் கணினியின் பின்பக்கம் போயிற்று. அழுத்தித் திருகினேன். ஒரு பக்க வயர் வந்தது. மறுபக்கமும் திருகினேன், அதுவும் வந்தது. இரண்டையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தேன்.

அவளை மட்டும் பிரித்து எடுத்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

ஹால் முழுக்க ஓடிக்கொண்டிருந்த ஆட்கள் ஓடிய நிலையிலேயே நின்றுபோனார்கள். பத்துத் திரையிலும்.

"ஏய்!"

"போச்சு! யாரு கால் வெச்சது?"

"வயர் போச்சுடா. யாரோ வயரப் புடுங்கிட்டாங்க."

பிறகு ஒவ்வொருவராக என்னைப் பார்த்தார்கள். கடைசியாகத்தான் மகள் திரும்பினாள். அவள் முகம் சிவந்திருந்தது. அழுகை வரவில்லை, ஆனால் வரப்போகிற இடத்தில் இருந்தது.

"அம்மா." அவ்வளவுதான் சொன்னாள். பிறகு சுவரைக் கை காட்டினாள். அவள் கணினியின் பிளக் சுவரில் அப்படியே இருந்தது. "நீங்க தப்பான வயரப் புடுங்கியிருக்கீங்க. இடி வந்தா அது வழியாத்தான் வரும். இது வழியா இல்ல."

அடுத்த மின்னலில் விளக்குகள் ஒருமுறை மங்கி எரிந்தன. அவள் கை இன்னும் விசைப்பலகை மேல்தான் இருந்தது. பிளக் சுவரில். வயர் இரண்டும் என் கையில்.

மலாக்காத் தம்பிதான் முதலில் அசைந்தான். "சரி, டீச்சர் சொல்றதும் சரிதான். ரொம்ப கிட்ட வந்திருச்சு. எல்லாரும் ஆஃப் பண்ணுங்க, பிளக்கக் கழட்டுங்க. மழ விட்டதும் இந்தச் சுற்ற மறுபடி வெளையாடலாம்" என்றான். நான் எதுவுமே சொல்லவில்லை. எனக்காக அவன் அப்படிச் சொன்னான்.

முணுமுணுத்துக்கொண்டே அணைத்தார்கள். "இன்னும் ரெண்டே பேருடா" என்று ஒருவன் சொல்லிக்கொண்டே இருந்தான். மழை தகரத்தின் மேல் இறங்கியதும் அவன் குரலும் கேட்கவில்லை. மீஹூன் பொட்டலங்களைப் பிரித்தார்கள். மகள் மட்டும் பொட்டலம் எடுக்காமல், ஒரு டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"வாங்க" என்றாள்.

"எங்க?"

"மேசைக்குக் கீழ."

நாற்பத்தாறு வயதில் பஞ்சாபி உடையோடு, என் பழைய மாணவர்கள் சாப்பிட்டுக்கொண்டே பார்த்திருக்க, முட்டி போட்டுத் தவழ்ந்தேன். மகள் முன்னால் போனாள். வயரை நான் கையால் பிடித்துக்கொண்டே போகவேண்டும், விடக்கூடாது என்றாள். முதல் பெட்டியில் அந்த மூடி மாட்டியிருந்தது. தொட்டுப் பார்த்தேன். அங்கிருந்து இரண்டாவது, மூன்றாவது. நான்காவதன் கீழே ஒரு ஒற்றைச் செருப்பு கிடந்தது. அதன் பக்கத்தில் ஏற்கெனவே பிரித்துச் சாப்பிட்ட பிஸ்கட் தாள். ஏழாவது என் மகளுடையது. அங்கே வயர் நான் பிடுங்கிய இடத்தில் இரண்டாகத் தொங்கியது. அதைத் தாண்டி எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று. கடைசியில் இன்னொரு மூடி. அவ்வளவுதான். அந்த வயர் சுவருக்குப் போகவில்லை, ஜன்னலுக்குப் போகவில்லை, கூரைக்கு ஏறவில்லை. ஹாலுக்குள்ளேயே ஆரம்பித்து ஹாலுக்குள்ளேயே முடிந்துவிட்டது.

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

வெளியே இன்னொரு இடி. நான் அவள் கையைப் பிடித்தேன். அவள் விடுவிக்கவில்லை. மேசைக்கு அடியிலேயே உட்கார்ந்திருந்தோம்.

"எதுக்குடி அந்தப் பேர வெச்சே?" என்றேன்.

அவள் டார்ச்சைத் தரையில் வைத்தாள். "நான் வெக்கல. ஸ்கூல்ல எல்லாரும் வெச்சாங்க. அடிபட்டதுக்கு அடுத்த வாரமே. பெத்திர் வருது, வெலகுங்க, ஷாக் அடிக்கும்னு சொல்லி, யாரும் பக்கத்துல ஒக்காரமாட்டாங்க. வெளையாட்டுக்குத்தான். ஆனா தெனமும்."

"எங்கிட்ட சொல்லவே இல்லியே."

"நீங்களே பயந்துபோயி இருந்தீங்க." டார்ச்சைக் காலால் உருட்டினாள். "அப்புறம் மலாக்கா அண்ணன் இங்க பேரு கேட்டாரு. அதையே குடுத்திட்டேன். இப்ப அந்தப் பேரப் பாத்தா இவனுங்க வேற மாதிரி ஓடறானுங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதுதான் கண் கலங்கியது தெரிந்தது. இத்தனை நாளும் அவள் கை மரத்துப்போனது மட்டும்தான் அவளுக்கு நடந்தது என்று எண்ணியிருந்தேன். மூன்று மாதம் வகுப்பில் அவளுக்குப் பக்கத்து நாற்காலி காலியாகக் கிடந்தது ஓர் ஆசிரியைக்குத் தெரியவில்லை.

மழை ஐந்து மணிக்கு விட்டது. தூரத்தில் உறுமல் மட்டும் மிச்சமிருந்தது. பிளக்குகளை மாட்டினார்கள். ஏழாவது பெட்டியின் வயரை மாட்ட மலாக்காத் தம்பி குனிந்தான். மகள் அவனைத் தடுத்தாள். "அம்மா மாட்டட்டும். அவங்கதானே கழட்டினாங்க" என்றாள். அது தண்டனையா, மரியாதையா என்று யாருக்கும் விளங்கவில்லை. எனக்கும்தான்.

மாட்டுவது கழற்றுவதை விடக் கஷ்டமாக இருந்தது. விரல் வழுக்கியது. உறுமல் கேட்டபோதெல்லாம் கையை எடுத்துவிட்டேன். "அவசரமில்ல டீச்சர்" என்று எட்டாம் வாய்பாட்டுப் பையன் சொன்னான். அது நான் அவனுக்குச் சொல்கிற வார்த்தை. அழுத்தித் திருகினேன். முதல் பக்கம் விழுந்தது. இரண்டாவது பக்கமும் விழுந்தது.

"தெரியுதா?" என்று மகள் கேட்டாள்.

"தெரியுது" என்றான் பக்கத்துத் திரைப் பையன்.

"எனக்கும்."

"எல்லாரும் இருக்காங்க."

கடைசிச் சுற்றை மறுபடி விளையாடினார்கள். என் மகள் முதல் ஆளாகச் செத்தாள், அதுவும் சாவதற்கென்றே பிறந்தவன் என்று அப்பா சொன்ன பையனின் கையால். லாரிக்கார அண்ணன் நாளிதழை மடித்துவிட்டு எழுந்து நின்று பார்த்தார். சுங்கை ரம்பாய் ஜெயித்தது. "எங்க அம்மா புடுங்காம இருந்திருந்தா நான்தான்" என்று மகள் சொன்னாள். "ஆமா ஆமா, சொல்லிக்க" என்றார்கள்.

வீட்டுக்குத் திரும்பியபோது பெட்டிகளை முன்கூடத்திலேயே இறக்கி வைத்தோம். களைத்துப்போயிருந்ததால் பிரிக்கவில்லை. என்ன முடிவு என்று அவள் கேட்கவில்லை. சொல்வதற்கு என்னிடம் முடிவு இருந்ததா என்றும் தெரியவில்லை. வயர் ஹாலுக்குள்ளேயே முடிந்ததை என் கையாலேயே தொட்டுப் பார்த்திருந்தேன். பிளக் சுவரில் இருந்ததையும் பார்த்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை தம்பி வேனோடு வந்தான். பின்சீட்டைக் கழற்றிவிட்டு வந்திருந்தான். முன்கூடத்தில் விரிப்பில் சுற்றியிருந்ததைப் பார்த்ததும் அவனுக்குச் சந்தோஷம்.

"கட்டியே வெச்சிட்டியாக்கா? நல்லதாப் போச்சு. பசங்க ராத்திரியே தூங்கல."

நான் பதில் சொல்வதற்குள் குனிந்து திரையைத் தூக்கிவிட்டான். அந்தக் காலத்துத் திரை, பாறை மாதிரி கனம். மகள் அறை வாசலில் நின்றாள். தலை வாரிக்கொண்டிருந்தவளின் சீப்பு முடியிலேயே நின்றது. அவள் என்னைப் பார்க்கவில்லை, மாமா கையில் இருந்ததைத்தான் பார்த்தாள்.

"தம்பி, நில்லு" என்றேன்.

"என்ன?"

"குடுக்கல."

"என்னக்கா இது? நீதானே வீட்டுல வெச்சிக்கவே மாட்டேன்னு சொன்னே. இப்ப பயம் போயிருச்சா?"

"போகல."

"அப்புறம்?"

ஒரு வயரைப் பிடித்துக்கொண்டு தவழ்ந்த கதையைச் சொன்னால் அவனுக்குப் புரியாது. "பசங்களக் கூட்டிட்டு வா. இங்கயே வந்து வெளையாடட்டும்" என்றேன்.

அவன் மூச்சு வாங்கினான். திரையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தான், முகத்தில் வேர்வை. "சரி, எங்கயாவது வெக்கச் சொல்லு. கை போகுது. பழைய எடத்துலயா?"

மகள் ஓடிப்போய்ப் பழைய மேசையின் மேலிருந்த புத்தகங்களை வாரி எடுத்தாள். அந்த மேசை தொலைபேசி வயர் சுவருக்குள் போகும் மூலையில் இருந்தது. மூன்று மாதமாகியும் சுவரில் கரி போகவில்லை.

"அங்க வேணாம்" என்றேன். "நடு ரூமுக்குக் கொண்டு போ. ஜன்னலுக்கும் தள்ளி."

தம்பி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நடந்தான். மகள் மேசையின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். நான் மறுபக்கத்தைப் பிடித்தேன்.